இனிப்பும் சாட்சியமும்

மாதுங்கா, மும்பை

சிரஞ்சீவி பேரனுக்கு,

சர்க்கரை நோயாளிகளுக்கென்று செம்பூர்க் கடைகளில் விற்கும் மிட்டாயின் உறையில் 'சார்பிட்டால்' என்றொரு பெயர் காண்கிறதே, அது சர்க்கரையா, மருந்தா என்று கேட்டு எழுதியிருந்தாய்.

நம் மாம்பழமும் வாழைப்பழமும் இனிப்பைச் சர்க்கரையாகவே சேமிக்கின்றன. ஆப்பிள், பேரி, பிளம் முதலிய ரோஜாக் குடும்பத்து மரங்களோ, சூரிய ஒளியின் துணையால் இலையில் விளையும் உணவில் பெரும்பகுதியைச் சார்பிட்டாலாக மாற்றியே கனிக்கு அனுப்புகின்றன. ஆப்பிளை அரியும்போது விதையறையைச் சுற்றிச் சில சமயம் கண்ணாடிபோல் ஒரு பாகம் தென்படுமே, அது செல்களின் இடைவெளிகளில் சார்பிட்டால் மிகுந்த நீர் தேங்கியதன் விளைவாகும். 1872-இல் பூஸ்ஸிங்கோ என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் ரோவன் மரத்தின் சிறு கனிகளில் சார்பிட்டாலைக் கண்டறிந்தார். ரசாயனிகள் இதைச் சர்க்கரை ஆல்கஹால் என வகைப்படுத்தினாலும், இதில் போதை அணுவளவும் கிடையாது.

இன்று ஆலைகளில், மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து பெற்ற குளுக்கோஸுடன், நிக்கல் உலோகத்தின் முன்னிலையில் ஹைட்ரஜனைச் சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். சர்க்கரையின் இனிப்பில் சுமார் 60 சதவீதமே இதற்கு உண்டு. கிராமுக்கு 4 கலோரி தரும் சர்க்கரைக்கு எதிரே இது தருவது ஏறக்குறைய 2.6 தான். வாயிலுள்ள கிருமிகள் இதை எளிதில் அமிலமாக்க இயலாமையாலும், ஈரத்தைப் பற்றி வைத்துக்கொள்ளும் சுபாவம் இதற்கு இருப்பதாலும், பற்பசையிலும் சூயிங்கத்திலும் சர்க்கரையில்லா இருமல் மருந்திலும் இது இடம்பெறுகிறது. வைட்டமின் சி தயாரிப்பதற்கும் இதுவே மூலப்பொருள். ஆயினும் குடல் இதை மெதுவாகவும் அரைகுறையாகவுமே கிரகிப்பதால், அளவு மிஞ்சினால் எஞ்சியது நீரை ஈர்த்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உறையில் எச்சரிக்கை அச்சிடுவதன் காரணம் அதுவே.

இவ்விடத்தில் நம் நகரத்தின் துயரமொன்றை நீ அறிந்திருத்தல் அவசியம். சார்பிட்டாலின் ரசாயன உறவான கிளிசரின், மூளையிலும் கண்ணிலும் ஏறிய அழுத்தத்தைத் தணிப்பதற்கு மருந்தாகக் கொடுக்கப்படுவதுண்டு. 1986-இன் தொடக்கத்தில், பைகுல்லா ஜே.ஜே. மருத்துவமனையில், டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த கிளிசரினை உட்கொண்ட 14 நோயாளிகள் மாண்டனர். அந்த விஷமும் தித்திப்பானது. கிளிசரினைப் போலவே நிறமற்றது. நீதிபதி லெண்டின் தலைமையில் நடந்த விசாரணை, மருந்தைக் கொள்முதல் செய்தவர்களிடமும் அதைப் பரிசோதிக்க வேண்டியவர்களிடமும் நிலவிய சீர்கேட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஆதலின், குழந்தாய், நாவின் சாட்சியம் ஒரு பொருளின் தராதரத்தை நிர்ணயிக்கப் போதாது. பரிசோதனைச்சாலையின் சாட்சியமும், அதை நேர்மையுடன் எழுதும் மனிதனும் வேண்டும். ரசாயனம் பயில விரும்பும் நீ, முதலில் உறையின் சிறு எழுத்துகளை வாசிக்கப் பழகிக்கொள். பிற்காலத்தில் அப்படியொரு பரிசோதனைச்சாலையில் அமரும் பாக்கியம் வாய்க்குமானால், ஒரு புட்டியைக்கூடச் சோதிக்காமல் கையொப்பமிடாதே.

இப்படிக்கு,
உன் தாத்தா