குட்டியோடு கடலுக்கா? கை எட்டும் தூரத்திலேயே இருங்க!

"அம்மா, கடல் எப்போ வரும்?"

மரக்காணம் தாண்டியதுமே பின் சீட்டிலிருந்து கேள்வி கிளம்பிவிடும். கோட்டக்குப்பம் வந்து, ரூமில் பெட்டியை வைத்ததுதான் தாமதம்... வாண்டு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலுக்கு ஓட ரெடி! 'கொஞ்ச நேரம் ஆடட்டுமே' என்று நாமும் விட்டுவிடுவோம். ஒரு நிமிஷம்... ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோடு போகிறவர்கள், கிளம்பும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தக் கரையின் குணம்

புதுச்சேரியை ஒட்டி, வடக்கே விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது கோட்டக்குப்பம். இந்தப் பக்கம் வருடத்தின் பெரும்பாலான மாதங்கள் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழும்ப, மணல் தெற்கிலேயே தேங்கிவிட்டது. வடக்குக் கரையை அலை அரிக்க ஆரம்பித்தது. புதுச்சேரியைக் காப்பாற்றப் பாறைகளைக் கொட்டினார்கள்; அரிப்பு கோட்டக்குப்பத்து மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது. பிறகு இங்கேயும் பாறைகள், தூண்டில் வளைவுகள்.

"இது நமக்கு எதுக்கு?" என்கிறீர்களா? மணலை இழந்த கரை சட்டென்று சரியும். கணுக்கால் அளவு தண்ணீரில் நிற்கிற குழந்தை, இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவுக்குப் போய்விடலாம். தூண்டில் வளைவை ஒட்டிக் கடலுக்குள் இழுக்கிற நீரோட்டம் உருவாகும். பார்வைக்கு அந்த இடம்தான் அலை குறைந்து, சாதுவாகத் தெரியும். ஏமாந்துவிடாதீர்கள்! பாறைகள் மேலே பாசி வேறு. கால் வைத்தால் வழுக்கும்.

அதனால் முதலில் பெரியவர்கள் மட்டும் ஒரு நடை போய்ப் பாருங்கள். வலையைச் சரிசெய்துகொண்டு இருப்பவரிடம், "அண்ணே, இன்னிக்குக் கடல் எப்படி? குழந்தையை எங்கே விடலாம்?" என்று கேளுங்கள. 'வேணாம்மா' என்று அவர் சொன்னால், அன்றைக்கு மணல் வீடு மட்டும்தான்.

யார் பார்த்துக்கொள்வது?

நாலு பெரியவர்கள் கூட இருந்தும் குழந்தை தண்ணீருக்குள் போய்விடுவது எப்படி? 'அவர் பார்த்துக்கிறார்' என்று இவரும், 'இவர் பார்த்துக்கிறார்' என்று அவரும் இருந்துவிடுவதால்தான். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது மாதிரி கையை ஆட்டிக் கத்தாது. பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஒரு போட்டோ எடுக்கிற நேரம் போதும்.

எனவே, முறை போட்டுக்கொள்ளுங்கள். அரை மணி அப்பா, அரை மணி சித்தி. முறையில் இருப்பவர் கையில் செல்போன் கூடாது. குழந்தையை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த ரப்பர் வளையத்தை நம்பவே நம்பாதீர்கள். கவிழும், காற்றில் கடலுக்குள்ளும் போகும்.

எப்போது போகலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை சுகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரும் காலம். மே மாதம்தான் லீவு கிடைக்கிறதா? காலை எட்டரைக்குள் ஒரு முறை, மாலை நாலரைக்கு மேல் ஒரு முறை, அவ்வளவுதான். நடுப்பகல் குழந்தை தூங்கட்டும். நம்முடையது கிழக்குக் கரை. மாலையில் வெயில் நிலத்துப் பக்கம் இறங்க, தென்னை நிழல் மணல் மேல் விழும். ஆனால் இருட்டும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

பையில் என்னென்ன?

* அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. அடர்ந்த நிறச் சட்டை என்றால் கூட்டத்தில் சட்டென்று கண்ணில் படும்.
* ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். கிளம்ப அரை மணி முன்பு தடவி, இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடி தடவுங்கள். அதற்கும் சின்னக் குழந்தைக்கு நிழல் மட்டுமே.
* காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்; அடிக்கடி கொடுங்கள்.
* திரும்பியதும் உடம்பில் ஊற்ற ஒரு கேன் நல்ல தண்ணீர். உப்பும் மணலும் தொடை இடுக்கில் தங்கினால் ராத்திரி முழுக்க எரிச்சல்தான்.

குழந்தை சோர்ந்து, வாய் உலர்ந்து, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தண்ணீரில் முழுகிவிட்டால்...

தலைகீழாகத் தூக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் தலையை லேசாக நிமிர்த்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை மூச்சு ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். அசைவில்லையா? நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடருங்கள். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். இந்த முதலுதவியை ஊரிலேயே ஒருவராவது பழகிக்கொண்டு கிளம்புங்கள். அவசரத்துக்கு கோரிமேட்டில் ஜிப்மர், வடக்கே காலாப்பட்டில் பிம்ஸ் மருத்துவமனை இருக்கின்றன. குழந்தை எழுந்து சிரித்தாலும், இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் காட்டாமல் ஊர் திரும்பாதீர்கள்.

இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றும். ஆனால் உங்கள் வாண்டுக்கு வேண்டியது ஆழமான கடல் இல்லை. ஒரு வாளி, ஈர மணல், பக்கத்தில் உட்கார்ந்து குழி தோண்ட அப்பாவோ அம்மாவோ... அவ்வளவுதான். அலை தானாக வந்து காலைத் தொட்டுவிட்டுப் போகும்!