செய்தியா, கருத்தா? – சுவர் இதழ் கற்றுத்தந்த பாடம்

எங்கள் எட்டாம் வகுப்புச் சுவர் இதழுக்கு ஒரே விதிதான் வைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிழை கண்டால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

ஒரு திங்கட்கிழமை, செய்திப் பகுதியில் மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: "விளையாட்டுப் பாடவேளையில் எங்களுக்குப் பந்து கிடைப்பதில்லை. இது அநியாயம்." மறுநாள் இரண்டாம் வரி அடிக்கப்பட்டு, "மாணவிகள் கேட்பதே இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. "நான் எழுதினத அவங்க எப்படி மிஸ் மாத்தலாம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மாற்றலாம் என்றது என் விதிதானே!

அன்று வகுப்பில் இரண்டு நிகழ்வுகளைச் சொன்னேன். விக்கிப்பீடியாவைப் போலவே தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய விக்கிசெய்தி 2004இல் தொடங்கியது. பிறகு தமிழிலும் வந்தது. நடுநிலை அதன் அடிப்படை விதியாக இருந்தது. ஒருவர் சொன்ன கருத்தை, யார் சொன்னார் என்று குறிப்பிட்டுச் செய்தியாக்கலாம். எழுதுபவர் தம் கருத்தைச் செய்தியாக்கக் கூடாது.

2005 ஜூனில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ், ஈராக் போர் பற்றிய தன் தலையங்கத்தை இணையத்தில் வாசகர்களே திருத்தலாம் என்று திறந்துவிட்டது. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், எதிரெதிர்க் கருத்துகளுக்காக அதை இரண்டாகப் பிரித்தார். ஆபாசப் படங்களும் வந்து சேர, ஓரிரு நாள்களில் அந்த முயற்சி நிறுத்தப்பட்டது.

"ஏன் நிலைக்கவில்லை?" என்று கேட்டேன். "தேதி தப்புன்னா திருத்தலாம் மிஸ். ஒருத்தர் நினைக்கிறத இன்னொருத்தர் எப்படித் திருத்துறது?" என்றான் ஒரு மாணவன். நான் சொல்ல வந்ததும் அதுதான். சரிபார்க்கக் கூடியதைப் பலர் சேர்ந்து செம்மையாக்கலாம். கருத்தைப் பிறர் திருத்தினால் அது எழுதியவருடையதாக இருக்காது.

பிறகு கரும்பலகையில் மாணவியின் இரு வரிகளையும் எழுதி, எதைச் சரிபார்க்க முடியும் என்று கேட்டேன். முதல் வரியை என்றனர். அடுத்த நான்கு விளையாட்டுப் பாடவேளைகளில் பந்து யாரிடம் இருந்தது என்று மாணவரும் மாணவியரும் கலந்த இரு குழுக்கள் குறித்தன. மூன்றில் மாணவியர் கைக்குப் பந்து போகவில்லை. அதுவே செய்தியாயிற்று, இரு தரப்பு விளக்கமும் சொன்னவர் பெயருடன் அதில் இடம்பெற்றது.

"அநியாயம்" என்ற வரியை நீக்கவில்லை. பக்கத்தில் "என் கருத்து" என்று தனித்தாள் ஒட்டினோம். அங்கே பெயரிட்டு எழுத வேண்டும். பிறர் கைவைக்கக் கூடாது. மறுப்பு இருந்தால் தனியே எழுதலாம். "கேட்டால் தருவோம்" என்று ஒரு மாணவன் எழுதினான். "பள்ளிப் பந்தை உங்களிடம் ஏன் கேட்க வேண்டும்?" என்று அம்மாணவி பதில் எழுதினார். மறுவாரம் உடற்கல்வி ஆசிரியர் பந்துக்கு முறை வைத்தார்.

சுவர் இதழ் நடத்தும் ஆசிரியர்கள், ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகளை மாணவர்களையே கேட்கச் செய்யலாம்: இதைச் சரிபார்க்க முடியுமா? இதைச் சொன்னவர் யார்? இது எந்தத் தாளுக்கு உரியது?