பிள்ளை தானாகப் படிக்க நாம் என்ன செய்யலாம்?



"எங்களுக்கே எழுத்து சரியா தெரியாது, பிள்ளைக்கு நாங்க என்னத்த சொல்லிக் குடுக்கிறது?" லயங்களுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் பெற்றோர் மேல் குற்றம் கிடையாது. நமது நாட்டுக்கு 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனாலும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் பல காலம் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. நமது தாத்தா, பாட்டி பலருக்கும் படிப்பு ஒரே அறை, ஒரே வாத்தியார் என்ற அளவில் நின்றுபோனது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பாடம் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை. "என்னால முடியும்" என்ற தைரியத்தையும், விடாமல் முயலும் பழக்கத்தையும் வீட்டில்தான் வளர்க்க வேண்டும். அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கலேவெலயிலும் மலையிலும் ஒரே பரீட்சை

கலேவெலச் சந்தியில் நின்று பார்த்தால் தேயிலை கண்ணில் படாது. குருணாகல் – தம்புள்ளை வீதி, வயல், மரக்கறித் தோட்டம், அவ்வளவுதான். மாத்தளை மாவட்டத்துத் தேயிலை றத்தோட்டை, எல்கடுவ மலைகளில் இருக்கிறது. ஆனால் தமிழில் படிக்கும் பிள்ளைகள், கலேவெலயில் கடைக்காரர் பிள்ளையானாலும் மலையில் கொழுந்து எடுப்பவரின் பிள்ளையானாலும், 5ஆம் தரத்தில் ஒரே வினாத்தாளுக்குத்தான் உட்காருகிறார்கள்.

இந்தப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுப்பது சில பிள்ளைகள்தான். மற்றப் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள்? "நான் மக்கு" என்று பத்து வயதில் முடிவு எடுத்துவிட்ட பிள்ளைக்கு 6ஆம் தரத்திலிருந்து உடம்பு வகுப்பில், மனசு வேறு இடத்தில். 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கலாம். படிக்கும் ஆசையை அதனால் கொடுக்க முடியாது. ஆசை போன பிள்ளைதான் பிறகு கொழும்புக் கடை வேலைக்குப் பஸ் ஏறுகிறது.

நாற்று மேடை சொல்லும் பாடம்

தேயிலைக் கன்றை எப்படி வளர்க்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். தண்டை வெட்டி, மண் நிரப்பிய பையில் நட்டு, நிழலுக்குள் வைக்கிறோம். வேர் பிடித்த பிறகு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். ஒரேயடியாக எடுத்தால் கன்று கருகிப்போகும். எடுக்காமலே விட்டால் மலையில் நட்டதும் வெயில் தாங்காது. பிள்ளைக்குச் செய்யும் உதவியும் இப்படித்தான். முதலில் கூட இருங்கள். பிறகு பக்கத்தில் இருங்கள். பிறகு தள்ளி நின்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் செய்து பார்த்தது

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் என்ற முறை தொடங்கியது. 2007இல் அதைத் தமிழ்நாடு முழுவதும் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வகுப்புகளில் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து வைத்தார்கள். சுவரில் ஏணி போல ஒரு படம். தான் எந்தப் படியில் நிற்கிறோம், அடுத்த அட்டை எது என்று பிள்ளையே பார்த்து எடுத்து, பாயில் உட்கார்ந்து வேலை செய்தது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரிலே கரும்பலகை. பிந்திய பிள்ளை விட்ட படியிலிருந்து தொடர்ந்தது. அடுத்தவனை முந்துவதை விட அடுத்த படி ஏறுவதே அங்கே முக்கியம்.

நமது நாட்டிலும் 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்வி மறுசீரமைப்பு முதலாம், இரண்டாம் தரங்களில் விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. எழுத்து வேலை மேல் தரங்களில் கூடிக்கொண்டு போகும். ஆகவே சின்னப் பிள்ளை "இன்னிக்கு விளையாடினோம்" என்று சொன்னால் "சும்மா இருந்துட்டு வந்தியா?" என்று ஏசாதீர்கள். "என்ன விளையாட்டு, எப்பிடி விளையாடினீங்க?" என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. நேரமும் இடமும். தினமும் அதே மூலை, அதே நேரம். அரை மணித்தியாலம் போதும். அந்நேரம் டிவியும் போனும் வேண்டாம். புத்தகப் பையைப் பிள்ளையே அடுக்கட்டும்.

2. விடை சொல்லாமல் கேள்வி கேளுங்கள். "எது வரைக்கும் விளங்குது? எங்க சிக்குது? வேற எப்பிடி செஞ்சி பாக்கலாம்?" இந்த மூன்று கேள்விக்கும் எழுத்து தேவையில்லை.

3. வீட்டுக் கணக்கைக் கொடுங்கள். "காலையில 7 கிலோ, மத்தியானம் 6, பின்னேரம் 5. மொத்தம் எவ்வளவு?" பிள்ளை 17 என்று சொன்னால் "இல்லை, 18" என்று முந்த வேண்டாம். "எப்பிடிக் கூட்டின, கல்லு வச்சிக் காட்டு" என்று சொல்லுங்கள். பிழையைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அதை லேசில் மறக்காது. பெரிய பிள்ளை சம்பளச் சீட்டை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

4. முயற்சியைப் பாராட்டுங்கள். அமெரிக்காவில் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. "நீ கெட்டிக்காரன்" என்று கேட்ட பிள்ளைகள் கஷ்டமான கேள்விகளில் தோற்றதும் சோர்ந்து போனார்கள். "நல்லா முயற்சி செஞ்ச" என்று கேட்டவர்கள் தோற்ற பிறகும் தொடர்ந்து முயன்றார்கள். ஆகவே "மூணு தரம் செஞ்சி பாத்தியே, அதுதான் நல்லது" என்று சொல்லிப் பழகுவோம்.

5. ஒப்பிட வேண்டாம், அடிக்க வேண்டாம். "பக்கத்துக் காம்பராப் பிள்ளையப் பாரு" என்பதை விட்டு, போன மாசத்துக் கொப்பியைத் திறந்து இன்றைய எழுத்தோடு சேர்த்து வையுங்கள். பிழைக்கு அடி விழுந்தால் பிள்ளை பிழையை ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

6. கேட்பது வெட்கம் இல்லை. பல தரம் முயன்றும் விளங்காவிட்டால், அந்தக் கணக்கில் ஒரு அடையாளம் போட்டு, நாளைக்கு டீச்சரிடம் தானே கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்காகக் காத்திராமல் தானே போய்க் கேட்பதும் படிப்பில் ஒரு பகுதிதான்.

மலையிலிருந்து களைத்துப்போய் வருகிறீர்கள். சமையல், தண்ணி, சின்னப் பிள்ளை என்று வேலை கிடக்கிறது. அது நமக்குத் தெரியும். இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் இரண்டாவதை மட்டும் எடுங்கள். அடுப்படியில் இருந்தபடியே அந்த மூன்று கேள்வியைக் கேட்கலாம். அப்பாமாரும் கேட்க வேண்டும், அம்மா தலையில் மட்டும் போட வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள்

நேற்று பிள்ளைக்காக நாம் செய்த எந்த வேலையைப் பிள்ளையே செய்திருக்கலாம்?

கடைசியாக எப்போது பிள்ளையின் முயற்சியை வாய்விட்டுப் பாராட்டினோம்?