பதினாறு வயதுப் பிள்ளையும் பெற்றோரும்



ஆகஸ்டு 27-ந் தேதி அர்ச். மோனிக்கம்மாள் திருநாள், மறுநாள் அவருடைய குமாரனாகிய அர்ச். அகுஸ்தீனார் திருநாள். (1969-ஆம் ஆண்டில் திருநாள் அட்டவணை திருத்தப்படுமுன் தாயின் திருநாள் மே 4-ந் தேதியில் இருந்தது. தாயை மகனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது நல்ல காரியம்.) மகனுக்காக அவ்வம்மாள் சிந்திய கண்ணீரைப் பற்றி நாம் பிரசங்கம் கேளாத வருஷமில்லை. ஆனால் அந்தக் கண்ணீர் எங்கே தொடங்கியதென்று விசாரிப்பவர்கள் குறைவு. அது அகுஸ்தீனாருக்குப் பதினாறு வயது நடந்த வருஷத்தில் தொடங்கியது. அந்த வயதில் உங்கள் வீட்டில் பிள்ளை இருந்தால், இதைச் சற்று நிதானமாய் வாசியுங்கள்.

அகுஸ்தீனார் 354-ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியா நாட்டில் இருக்கிறது. தகப்பனார் பத்ரீசியுஸ் ஊர்ச் சபையில் அங்கத்தினர். மதிப்பு இருந்தது, பணம் அதிகமில்லை. பையன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். கார்த்தாகு பட்டணத்துக்கு மேற்படிப்புக்கு அனுப்பப் பணம் புரளவில்லை. ஆகவே ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வீட்டோடு வைத்திருந்தார்கள். சின்ன ஊர், வேலையில்லாத பையன், மாலையானால் கூடும் சிநேகிதர் கூட்டம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் பையன்கள் தாங்கள் செய்த கெட்ட காரியங்களைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வார்கள். தம்மிடம் சொல்லுவதற்கு அவ்வளவு இல்லையே என்று வெட்கப்பட்டு, செய்யாத பாவத்தையும் செய்ததாகக் கதை கட்டியதாக அகுஸ்தீனாரே பிற்காலத்தில் தம் வாழ்க்கையை அறிக்கையிட்டு எழுதிய நூலில் ஒப்புக்கொள்கிறார். ஒரு ராத்திரி எல்லோரும் சேர்ந்து பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காய் மரத்தை உலுக்கிக் காயெல்லாம் கொண்டுபோனார்கள். பசியில்லை, காயும் ருசியில்லை, பெரும்பாலும் பன்றிகளுக்குத்தான் எறிந்தார்கள். தனியே இருந்திருந்தால் தாம் அதைச் செய்திருக்கவே மாட்டோம் என்பது அவர் சொல்லும் சாட்சி. நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ராத்திரி பத்து மணிக்குமேல் நடப்பதும் இதே பேரிக்காய் விவகாரந்தான்.

இனி வீட்டுக்குள் வருவோம். ஒருநாள் குளிக்குமிடத்தில் மகன் வாலிபனாகிவிட்டதைத் தகப்பனார் கண்டார். சீக்கிரம் பேரப்பிள்ளை காணலாமென்று குதூகலத்தோடு மனைவியிடம் சொன்னார். அவர் அப்போது இன்னும் ஞானஸ்நானம் பெறாதவர். தாய்க்கோ வயிறு கலங்கிற்று. மகனைத் தனியே அழைத்து, கற்பைக் காத்துக்கொள்ளும்படியும், விசேஷமாய்ப் பிறன் மனைவியை நெருங்காதிருக்கும்படியும் மிகுந்த கவலையோடு புத்தி சொன்னார். மகன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சென்று தள்ளிவிட்டான். அதற்குமேல் வீட்டில் யாரும் பெரிதாய் எதுவும் செய்யவில்லை. காரணம், படிப்புக் கெட்டுவிடக்கூடாது என்பதில் தாயும் தகப்பனும் ஒரே மனம். சக்திக்கு மிஞ்சிச் செலவழித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறார் என்று ஊரார் பத்ரீசியுஸைப் புகழ்ந்தார்கள். பையன் எப்படிப்பட்டவனாய் வளர்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

நாமும் கேட்பதில்லை. எத்தனை மதிப்பெண், டியூஷனுக்குப் போனாயா, பஸ் ஏன் தாமதம்: இவ்வளவுதான் வீட்டில் விசாரணை. பிறகு ஒருநாள் மகளுடைய போனில் ஒரு சேதி கண்ணில் படுகிறது. அன்றுதான் அந்த வீட்டில் சிநேகத்தையும் காதலையும் பற்றி முதல் பேச்சு; அதுவும் கையை ஓங்கிக்கொண்டு. சின்ன ஊரானதால் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவில் தெரிந்துவிடுகிறது. மறுநாள் பெண்பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பையனோ வழக்கம்போல் பள்ளிக்கூடம் போகிறான். இருவர் செய்ததற்கு ஒருத்திக்கு மாத்திரம் தண்டனை கொடுப்பது என்ன நியாயமென்று எனக்கு விளங்கவில்லை.

மானத்துக்குப் பயந்து அவசர அவசரமாய் மாப்பிள்ளை தேடுகிறவர்களும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 வயது நிரம்பாமல் நடத்தும் கலியாணம் தண்டனைக்குரியது. வயது நிரம்பியிருந்தாலும், பயமுறுத்தி வாங்கிய சம்மதம் சம்மதமல்ல. அத்தகைய விவாகம் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் சொல்லுகிறது. பையன்களுக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் முன் 18 வயதுக்குட்பட்ட பெண்ணின் சம்மதம் செல்லாது. இதை அவர்களுக்குத் தகப்பன்தான் சொல்லவேண்டும். போலீஸ் நிலையத்தில் கேட்டறிவது மிகவும் பிந்திய பாடம்.

வேறென்ன பேசுவது? பதினைந்து வயதில் மனம் ஒருவர் பக்கம் சாய்வது தன்னிலே பாவமல்ல, சர்வேசுரன் வைத்த சுபாவம் என்று முதலில் சொல்லுங்கள். அந்த வயதின் பிரியத்துக்கு ஆயுள் முழுவதும் தாங்கும் பலம் இன்னும் வரவில்லை என்றும் சொல்லுங்கள். வீட்டில் பொய் சொல்லச் சொல்லுகிறவன், மற்றச் சிநேகிதிகளை விட்டுவிடச் சொல்லுகிறவன், படம் எடுத்து அனுப்பக் கேட்கிறவன், சம்மதியாவிட்டால் கையை அறுத்துக்கொள்வேன் என்று பயமுறுத்துகிறவன், இவர்களிடம் இருப்பது பிரியமல்ல என்று மகளுக்குப் பெயர் வைத்துக் காட்டுங்கள். மகன் அப்படிப்பட்டவனாய் மாறாதபடி அவனுக்கும் அதையே சொல்லுங்கள். பிள்ளை தானாக வந்து சொன்னால், அன்று அடிக்காதீர்கள். அத்தை சித்தி வீட்டுக்கெல்லாம் அந்தச் சேதியைக் கொண்டுபோகாதீர்கள். ஒருமுறை காட்டிக்கொடுக்கப்பட்ட பிள்ளை மறுமுறை வாய் திறப்பதில்லை.

தகாஸ்தேயில் பேசாமல் விட்டதற்குக் கிரயம் கொடுத்தது யார் தெரியுமா? கார்த்தாகு போன அகுஸ்தீனார் ஒரு பெண்ணோடு மெய்விவாகமின்றிப் பத்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். அதெயோதாத்துஸ் என்ற மகன் பிறந்தான். பிறகு இத்தாலி நாட்டு மிலான் நகரில், பெரிய இடத்துச் சம்பந்தத்துக்காக அவளை அனுப்பிவிட்டார்கள். அந்தச் சம்பந்தத்துக்கு மிகவும் முயன்றவர் மோனிக்கம்மாளே. பார்த்து வைத்த பெண்ணுக்கோ சட்டப்படியான வயதே இன்னும் ஆகவில்லை. அனுப்பப்பட்டவள் வேறு புருஷனை அறிவதில்லையென்று பிரமாணம் செய்து, பிள்ளையை விட்டுவிட்டுத் தனியாய் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினாள். அவளுடைய பெயரை அகுஸ்தீனார் எங்கும் எழுதவில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, இனிச் சிநேகிதரே வேண்டாமென்று கதவைச் சாத்திவிடாதீர்கள். பிள்ளையின் சிநேகிதர்களைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். தகாஸ்தேயில் அலிப்பியுஸ் என்று இன்னொரு பையனும் இருந்தான்; அகுஸ்தீனாருக்கு இளையவன். கார்த்தாகிலும் மிலானிலும் அவருடன் அலைந்தவன், அவர் மனந்திரும்பிய நேரத்தில் அதே தோட்டத்தில் பக்கத்தில் இருந்தவன். 387-ஆம் ஆண்டு பாஸ்குத் திருநாளில் அர்ச். அம்புரோசியார் கையால் அகுஸ்தீனாரும், அலிப்பியுஸும், ஏறக்குறைய பதினைந்து வயதான அதெயோதாத்துஸும் ஒன்றாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னாளில் அலிப்பியுஸ் தங்கள் சொந்த ஊராகிய தகாஸ்தேக்கே மேற்றிராணியாரானார்.