உலாவிக்கு வரும் இணையம் மற்ற மென்பொருள்களுக்கு வராதது ஏன்?

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இருபது கணினிகளுக்கு ஒரே இணைய இணைப்புதான் இருக்கும். அதை நேரடியாகப் பகிராமல், நடுவே ஒரு கணினியைப் பதிலிச் சேவையகமாக, அதாவது ப்ராக்ஸியாக வைப்பதுண்டு. பள்ளியின் கடிதங்களையெல்லாம் ஒரே அலுவலக உதவியாளர் கொண்டுபோய்க் கொடுத்துப் பதில் வாங்கி வருவதைப் போன்றது இது. யார் எந்தத் தளத்தைக் கேட்டார்கள் என்பது பதிவாகும். வேண்டாத தளங்களைத் தடுக்கலாம். ஒருமுறை இறக்கிய பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கு வேகமாகத் தரும் என்று முன்பு சொல்வார்கள். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் அந்தப் பயன் குறைந்துவிட்டது. மாணவர்களின் பாதுகாப்புக்காகவே அதை வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

ஒவ்வொரு கணினியிலும் சேவையகத்தின் ஐபி முகவரி, போர்ட் எண் என்ற இரண்டைக் கொடுக்க வேண்டும். ஸ்குவிட் மென்பொருள் என்றால் போர்ட் வழக்கமாக 3128. இவற்றை எங்கே கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

"சார், கூகுள் வருது, இது மட்டும் வரல" என்று எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி சொல்வார்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். எல்லா மென்பொருளும் ஒரே இடத்தில் ப்ராக்ஸி விவரத்தைத் தேடுவதில்லை என்பதே காரணம்.

விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்டு இன்டர்நெட், ப்ராக்ஸி என்று சென்று எழுதுவதைக் குரோம், எட்ஜ் இரண்டும் எடுத்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸும் லிப்ரே ஆபீஸும் இயங்குதள அமைப்பையே பின்பற்றும் என்றாலும், அவற்றுக்குத் தனி அமைப்புப் பக்கமும் உண்டு. யாராவது அதை மாற்றியிருந்தால் அதுதான் செல்லும். விஎல்சி-யில் ப்ரிஃபரன்சஸ் பகுதியின் இன்புட், கோடெக்ஸ் பக்கத்தில் ப்ராக்ஸி முகவரிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. விண்டோஸ் அமைப்பு பொதுவாக அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே பொருந்தும். ஆசிரியர் கணக்கில் அமைத்துவிட்டு மாணவர் கணக்கில் திறந்தால் இணையம் வராது.

லினக்ஸில் திரையில் உள்ள நெட்வொர்க் அமைப்பை 'ஆப்ட்' கட்டளை கண்டுகொள்ளாது. டெர்மினலில் சூழல் மாறியாக ப்ராக்ஸியைக் கொடுத்தாலும், 'சூடோ' சேர்த்து இயக்கும்போது அது பொதுவாகக் கைவிடப்படும். தொடக்க வகுப்புகளுக்கு ஜிகாம்ப்ரி நிறுவ வேண்டுமென்றால் ஆப்டின் அமைப்புக் கோப்பிலேயே முகவரியை எழுதிவிடுவது நல்லது.

அடுத்தது விலக்குப் பட்டியல். பலர் இதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பாடக் காணொலிகள் 192.168.1.20 என்ற உள்வலைக் கணினியில் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் கோரிக்கை ப்ராக்ஸி வழியாகப் போகத் தேவையே இல்லை. போனால் அங்கே நெரிசல்தான். விண்டோஸில் 'உள்வலை முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம்' என்ற பொருளில் ஒரு தேர்வுப் பெட்டி இருக்கிறது. அதை டிக் செய்தால் போதும் என்று தோன்றும். ஆனால் அது புள்ளி இல்லாத பெயர்களை மட்டுமே உள்வலையாகக் கருதுகிறது. புள்ளிகள் கொண்ட ஐபி முகவரியை விலக்குப் பட்டியலில் 192.168.1.* என்று நாமே எழுத வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை அரைப்புள்ளியிட்டுப் பிரிக்க வேண்டும். ஃபயர்பாக்ஸின் சொந்தப் பட்டியலில் நட்சத்திரக் குறி செல்லாது. அங்கே 192.168.1.0/24 என்று எழுதிக் காற்புள்ளியால் பிரிக்க வேண்டும்.

பிழைச் செய்தியைப் படிக்கப் பிள்ளைகளுக்கும் பழக்கலாம். 407 என்று வந்தால் ப்ராக்ஸி பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது. இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் போர்ட் எண் தவறு, அல்லது சேவையகம் ஓடவில்லை.

கடவுச்சொல் விஷயத்தில் கவனம் தேவை. ஆப்டின் கோப்பிலும் சூழல் மாறியிலும் அது மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாகவே கிடக்கும். டெர்மினல் திறக்கத் தெரிந்த எந்த மாணவரும் படித்துவிடலாம். ஆகவே ஆசிரியரின் சொந்தக் கடவுச்சொல்லை அங்கே எழுதவே கூடாது. ஆய்வகத்துக்கென்று தனிக் கணக்கு இருக்கட்டும். அந்தக் கடவுச்சொல்லில் @ குறி இருந்தால், முகவரியோடு சேர்த்து எழுதும்போது %40 என்று மாற்றி எழுத வேண்டும்.

பள்ளி மடிக்கணினியைப் பயிற்சிக்கோ வீட்டுக்கோ கொண்டுபோகும்போது ப்ராக்ஸியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அது அங்கே இல்லாத சேவையகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்; வைஃபை குறி முழுதாக இருந்தும் ஒரு பக்கம்கூடத் திறக்காது.