எத்தனை தடவை என்று எண்ணாதே, மகள்

ஜம்பட்டா வீதி,
கொட்டாஞ்சேனை.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று ஃபோனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னதில் பாதியும் உன் காதில் ஏறியிருக்காது. ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் தம்பி. இரண்டு மாதப் பிள்ளை அடிக்கடி சலம் போகிறான் என்று உன் மாமி பயப்படுகிறாவாம். பச்சைப் பிள்ளையின் சலப்பை சின்னது. சலத்தைச் செறிவாக்க சிறுநீரகம் இன்னும் பழகவில்லை, அடக்கிவைக்க மூளைக்கும் தெரியாது. நாளைக்கு 20 தடவை போனாலும் புதினமில்லை. பால் போதுமா என்று மிட்வைஃப்மார் நாங்கள் பார்ப்பதே அதை வைத்துத்தான்: முதல் வாரம் கழிந்தால் 24 மணித்தியாலத்தில் 6 நப்பியாவது நன்றாக நனைய வேண்டும். குறைந்தால்தான் கவலை. 'சூடு' என்று கொத்தமல்லித் தண்ணியும் இளநீரும் பருக்க விடாதே. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆனால் இந்த வயதில் 38 பாகைக்குக் காய்ச்சல் ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சலத்தில் கிருமி இருந்தால் காய்ச்சலையும் பால் குடிக்க மறுப்பதையும் தவிர வேறு அடையாளமே தெரியாமல் போகலாம்.

என் மனமெல்லாம் மூத்தவளிடம்தான். தரம் ஒன்றில் சேர்ந்த பிறகுதான் கால் மணிக்கு ஒருக்கால் ஓடுகிறாள், வருவது கொஞ்சம், எரிவில்லை, இரவில் எழும்பாமல் நித்திரை கொள்கிறாள் என்கிறாய். பள்ளிக்கூடம் போகிற வயதில் 4 முதல் 7 தடவை வழமை. இது அதைவிட அதிகம்தான். ஆனால் பகலில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக என்றால், பெரும்பாலும் மனப் பதற்றம். புதுப் பள்ளிக்கூடம், வீட்டில் புதுத் தம்பி, இரண்டும் ஒரேயடியாக வந்திருக்கிறது அவளுக்கு. சில வாரத்தில், சிலருக்குச் சில மாதத்தில், தானாகவே அடங்கிவிடும். என் ஊகத்தை மட்டும் நம்பாமல் ஒரு சலப் பரிசோதனை செய்துவிடு. அன்டிபயோட்டிக் ஏதும் தொடங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும்; முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதை டொக்டர் தரும் போத்தலில் பிடி.

பள்ளிக்கூட டொய்லட்டைப் பற்றியும் அவளிடம் மெதுவாகக் கேள். இங்கே தோட்டம் என்று சொல்கிற நெருக்கமான குடியிருப்பு வீடுகளுக்கு நான் ஏறி இறங்கிய காலத்தில், பல குடும்பத்துக்கு ஒரே பொதுக் கக்கூஸ். விடியற்காலை வரிசை, கதவில் கொண்டி இல்லை. பொம்பிளைப் பிள்ளைகள் தண்ணி குடிக்காமலே இருப்பார்கள், வந்ததை அடக்குவார்கள். பிறகு கிருமி பிடித்து எரிவோடு வந்து நிற்பார்கள். அவர்களை வீட்டில் பேசுவார்கள், அடிப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உன் மகளும் அங்கே அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்து ஓடுகிறாளோ தெரியாது. டீச்சரிடம் நீயே போய், கேட்டவுடன் விடச் சொல்லு.

மலச்சிக்கலையும் பார். நிறைந்த குடல் சலப்பையை நெருக்கும். பிளேன்டி, கோலா, சொக்லட்டைக் குறை. தண்ணியைக் குறைக்காதே, அது பிழை.

இனி நான் பயப்படுகிற விஷயம். ஒவ்வொரு தடவையும் நிறையப் போனால், இரவிலும் எழும்பினால், நின்ற படுக்கை நனைப்பு திரும்ப வந்தால், தாகம் அடங்காமல் தண்ணி கேட்டால், உடுப்புத் தொளதொளத்தால், அது சீனி வருத்தமாக இருக்கலாம். ஐந்து வயதுக்கும் வரும். பரம்பரையில் இருக்க வேண்டும் என்றில்லை. அன்றைக்கே விரலில் குத்தி இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். அதோடு வாந்தி, ஆழ்ந்த மூச்சு, மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் யோசியாதே. 1990 அம்புலன்சுக்கு எடு, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோ. காசில்லை, வாகனமில்லை என்று தாமதிக்க அங்கே இடமில்லை, இரண்டும் இலவசம்.

இரண்டு நாளைக்கு அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் கோப்பையில் பிடித்து நேரத்தையும் அளவையும் எழுது. ஐந்து வயதுச் சலப்பை ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் கொள்ளும். டொக்டருக்கு அந்தத் தாள் நிறையச் சொல்லும். அவளுக்கு முன்னால் எண்ணாதே, "திரும்பவுமா?" என்று மாமியையும் கேட்க விடாதே. ரிப்போர்ட் வந்தவுடன் எனக்கு ஃபோன் எடு. ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்கு வருகிறேன், தம்பியை நான் வைத்திருக்கிறேன், நீ அவளை மட்டும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போ.

அன்புடன்,
பெரியம்மா