கொழும்பில் இரவுச் சாப்பாடு: கடைக்கு முன் நேரத்தைப் பாருங்கள்

பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். அதனால் லய வீடுகளில் இரவுச் சாப்பாடு நேரத்தோடு முடிந்துவிடும். அங்கே வளர்ந்த பிள்ளை கொழும்பில் துணிக்கடைக்கோ ஹாட்வெயார் கடைக்கோ வேலைக்கு வந்தால், கடை பூட்டவே எட்டு மணி ஆகிறது. அறையில் சமைக்க அடுப்பில்லை. ஒரு பணிஸைத் தின்று பிளேன்டி குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். இப்படியே மாதங்கள் போனால் வயிற்றெரிவு வருகிறது, உடம்பு இளைக்கிறது. எங்கே போய்ச் சாப்பிடுவது என்று தெரியாத தம்பி தங்கச்சிமாருக்காகவே இதை எழுதுகிறேன்.

கொழும்பில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சாப்பாட்டு நேரம் உண்டு. எந்தக் கடை நல்லது என்று கேட்பதற்கு முன், இந்த நேரத்தில் எந்தத் தெருவில் அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள். ஆட்கள் வந்து போகும் நேரத்தில் கிடைப்பது சுடச்சுட இருக்கும். கூட்டம் கலைந்த பிறகு கிடைப்பது மிச்சம்.

புறக்கோட்டை: விடியற்காலையில் மட்டும்

பதுளையிலிருந்து 99ஆம் இலக்க இரவு பஸ்ஸில் ஏறினால், விடிவதற்கு முன்பே புறக்கோட்டையில் இறங்க நேரலாம். பஸ் நிலையத்தைச் சுற்றி வெளிச்சமுள்ள கடைகளில் இடியாப்பமும் சம்பலும் தேத்தண்ணியும் கிடைக்கும். விடியும்வரை அங்கேயே உட்காருங்கள், பையோடு குறுக்குத் தெருக்களுக்குள் நுழைய வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் புறக்கோட்டை சரிவராது. பகல் வியாபாரம் முடிந்ததும் உள்தெருக்கள் வெறிச்சோடிவிடும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி: ஏழு மணியிலிருந்து

தினமும் வெளியில் சாப்பிட வேண்டியவர்களுக்கு வயிற்றைக் கெடுக்காத இடம் இதுதான். தோசை, இடியாப்பம், சொதி, உளுந்து வடை என்று வீட்டுச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரும். பம்பலப்பிட்டியில் சரஸ்வதி லொட்ஜ், கிறீன்லண்ட்ஸ் போன்ற பழைய சைவக் கடைகள் உண்டு. வெள்ளவத்தைக் கடைகளில் யாழ்ப்பாணச் சமையல் கிடைக்கும். ஒடியல் கூழ் குடித்துப் பார்க்காதவர்கள் இங்கே குடிக்கலாம். பார்சல் எடுக்க வருபவர்கள் முண்டியடிக்கும் வேளைதான் நல்ல வேளை. ஒன்பதரைக்குப் பிறகு போனால் பாதிச் சாமான் முடிந்திருக்கும்.

காலிமுகத்திடல்: பொழுது சாயும் நேரம்

இறால் வடைக்குப் பேர்போன இடம். கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுத்ததை மட்டும் வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பதும், வெட்டித் திறந்து வைத்திருக்கும் பழமும் வேண்டாம். பெண்பிள்ளைகள் தயங்கத் தேவையில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் இந்த உலாப் பாதையைக் கட்டி முடித்தபோதே, நகரத்துப் பெண்களின், பிள்ளைகளின் நன்மைக்காக இதைப் பாதுகாக்க வேண்டும் என்று கல்லில் பொறித்து வைத்தார்.

புதுக்கடை: ஒன்பது மணிக்கு மேல்

பகலில் நீதிமன்றத்துக்கு வருபவர்கள் நிறைந்திருக்கும் பகுதி, இரவானால் சாப்பாட்டுத் தெருவாகிவிடும். அப்துல் ஹமீத் வீதியில் கொத்துச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். சுட்ட கோழி, பாயா, பலூடா, வட்டிலப்பம் எல்லாம் கிடைக்கும். நான்கு பேராகப் போய் ஆளுக்கொன்று வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுவதே இங்கே முறை. நோன்பு மாதத்தில் இந்தத் தெரு இரவில் இன்னும் களைகட்டும். இதைவிடவும் பிந்தினால், கொள்ளுப்பிட்டி காலி வீதியில் பிலாவூஸ் போன்ற கொத்துக் கடைகள் இருக்கின்றன.

காசு

உட்காரும் முன் விலை கேளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒருவருக்கு ஹாஃப் கொத்திலேயே வயிறு நிறைந்துவிடும். சீஸ் போட்டால் விலை ஏறிவிடும். தோட்டத்தில் அம்மா ஒரு நாள் பேர் போட்டு வாங்கும் சம்பளத்தின் பெரும்பகுதி ஒரு தட்டில் போய்விடக்கூடிய ஊர் இது. குளிரூட்டிய கடைகளில் விலைப்பட்டியலின் அடியில் சின்ன எழுத்தைப் பாருங்கள். 10 வீதச் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகியிருக்கும் வற் வரியும் தனியாகச் சேரலாம். இரண்டும் சேர்ந்தால் 1,000 ரூபாய்ச் சாப்பாடு ஏறக்குறைய 1,300 ஆகிவிடும். போத்தல் தண்ணீரில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறையிடலாம்.

கூட்டாளிகள் பாருக்குக் கூப்பிடுவார்கள். 21 வயதாகாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். வயது வந்தவர்களுக்கும் சொல்கிறேன்: ஊருக்கு அனுப்ப வைத்திருந்த காசு ஒரே இரவில் கரைவது அங்கேதான். சம்பள நாளன்று வீட்டுக்காசை அனுப்பிய பிறகு வெளியே கிளம்புங்கள்.

திரும்பும் வழி

சாப்பிடப் போகும்போதே திரும்பும் வழியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்கள் இரவு ஏற ஏறக் குறைந்துவிடும். ஓட்டோ என்றால் பிக்மீ செயலியில் பிடியுங்கள். கூலி முன்பே தெரியும், வண்டி இலக்கமும் பதிவாகும். அந்த விபரத்தை அறைத் தோழருக்கோ தோழிக்கோ அனுப்பிவிட்டு ஏறுங்கள். அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவி 1938.

கடைக்குள்

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பேச்சை வைத்து யாராவது ஊர் கேட்பார்களோ என்ற கூச்சம். கேட்டால் ஸ்பிரிங்வெளி என்று நிமிர்ந்து சொல்லுங்கள். இந்த நகரத்தின் கடைகளில் மேசை துடைப்பவர்களிலும், ரொட்டி போடுபவர்களிலும், கல்லாவில் நிற்பவர்களிலும் மலையகத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். பேச்சுக் கொடுத்தால் பசறையோ பண்டாரவளையோ பக்கத்து ஊராக இருக்கும். எது இப்போது போட்டது, எது காலையில் வைத்தது என்று அந்தத் தம்பி உண்மையைச் சொல்வான். அவனை 'டேய்' என்று கூப்பிடாதீர்கள். மீதிச் சில்லறையில் கொஞ்சம் அவனுக்கு விட்டு வாருங்கள்.

அம்மா அப்பா கொழும்புக்கு வந்தால் ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல், ஏழரைக்கு வெள்ளவத்தையில் இடியாப்பம், ஒன்பதுக்குள் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெசாக் நாட்களில் வந்தால் தன்சலுக்குக் கூட்டிப் போங்கள். எந்த ஊர், எந்த மதம் என்று கேட்காமல் எல்லோருக்கும் சாப்பாடு கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அம்மா விலையைப் பார்த்து "எனக்குப் பசிக்கல்ல" என்பார். அவருக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.